கடல் குடித்த பச்சை

கல்மண்டபத்துப் பக்கம் எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘பாசி படிக்கிற பொண்ணு’ என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். காலேஜில் தாவரவியல் எடுத்திருந்தேன். மற்ற வீடுகளில் பெண்கள் தையல் படித்தார்கள், டீச்சர் டிரெயினிங் படித்தார்கள், மிஞ்சிப்போனால் நர்ஸ் வேலைக்குப் போனார்கள். நான் கடற்கரைப் பாறைகளைச் சுரண்டிக்கொண்டு திரிந்தேன். “கெணத்தடியில வயுக்கி வுடுதே, அத்த படிக்கிறதுக்கா ஃபீஸ் கட்டிகினு கீற?” என்று அப்பாவை ஹார்பரில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்களாம். அப்பா அங்கே கிரேன் ஓட்டினார். உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. கடற்பாசியைப் பாடம் பண்ணுவதென்றால் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, பாசியை மிதக்கவிட்டு, கெட்டிக் காகிதத்தை அடியில் நுழைத்து, இழைகளை ஊசியால் பிரித்துப் பரப்பி, காகிதத்தோடு மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே மெல்லிய துணி போட்டு, பழைய பேப்பர் அடுக்கி, அதற்கும் மேல் கனமாக எதையாவது ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அகலமான தட்டு என்பது ஈஸ்டருக்கு அம்மா பலகாரம் கொடுத்தனுப்பும் தட்டு. மெல்லிய துணி என்பது அப்பா ஞாயிறு பூசைக்குக் கட்டும் மல் வேட்டி. கனம் என்பது அம்மிக் குழவி. எல்லாவற்றையும் கேட்காமல்தான் எடுப்பேன். “பாசிக்கு இஸ்திரி போட்டுகினு குந்திகீறா. இவ பாவாட சுருங்கிப் போய் கெடக்குது” என்று அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பிராது சொல்வாள்.

இந்தப் படிப்பு ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

தண்டையார்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றிக் கைலி நெய்யக் கொடுத்து வாங்கி விற்பார்கள். அதை நடத்தியவரை ஊரே ஜெர்மன் பாய் என்று கூப்பிடும். அவர் ஜெர்மனிக்குப் போனதில்லை. எண்ணூருக்கே என்னோடுதான் முதல்முறை வந்தார். அவருடைய வாப்பா காலத்தில் ஹார்பரில் ஒரு ஜெர்மன் கப்பல் நின்றதாம். அதிலிருந்து இறங்கிய ஒருவன் காய்ச்சலில் விழ, வாப்பா கஞ்சி கொடுத்துக் காப்பாற்ற, நன்றிக்கடனாக அவன் பச்சைச் சாயத்தின் ரகசியத்தை அவர் காதில் ஓதிவிட்டுப் போனானாம். கதையைச் சொல்லும்போது பாய் தன் காதையே கையால் மறைத்துக்கொள்வார், நாம் எட்டிப் பார்த்துவிடுவோம் என்பது போல.

அந்த ஜெர்மன் பச்சையில் கைலி கட்டாத ஆண் எங்கள் பக்கத்துக் குப்பத்தில் கிடையாது. வாங்கும்போது கிளிப்பச்சை. கட்டிக்கொண்டு கட்டுமரத்தில் கொஞ்ச நாள் போய்வந்தால் நீலம். எல்லோருடைய கைலியும் அப்படித்தான் ஆனது. ஆரம்பத்தில் சிலர் பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். பாய் அசரவில்லை.

“சாயம் நிக்கும் நைனா. ஒங்க கடலுதான் நிக்க வுட மாட்டேங்குது. உப்புத்தண்ணி கீதே, அதுக்கு பச்சன்னா உசுரு. அப்டியே குடிச்சிட்து.”

கேட்டவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. கட்டுமரத்தை, வலையை, சில சமயம் ஆளையே குடிக்கிற கடல், ஒரு கைலியின் பச்சையைக் குடிக்காதா. அவர்களுக்குத் தங்கள் கடலைப் பற்றி அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அடுத்த கைலியும் பாயிடமே வாங்கினார்கள். பொய்யில் இருக்கிற சங்கடமே இதுதான். கேட்டவன் சில சமயம் மனதார நம்பிவிடுகிறான்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கடல் பச்சையானது.

கரைக் கற்கள் எல்லாம் பச்சை. அலை ஒதுங்குகிற இடத்தில் பச்சை. வலையை இழுத்தால் மீனோடு சேர்ந்து கை நிறையப் பச்சைக் கொழகொழப்பு. வழக்கமாகப் பாறையில் ஒட்டியிருக்கிற மங்கலான பாசியைக் குப்பத்துக்காரர்கள் அறிவார்கள், அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இது வேறு. இது கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை. போதாக்குறைக்குப் பாயின் பட்டறைத் தண்ணீர் ஓடுகிற சாக்கடை கடலில் விழுகிற இடத்தில்தான் மிக அடர்த்தியாக வளர்ந்திருந்தது. தபசு காலத்தில் கறி சாப்பிடாத வீடுகள் மீனுக்குத்தான் வரும். அந்த மீனைத் தூக்கிப் பார்த்து, “இன்னா இது, சாயம் குடிச்ச மீனா?” என்று கூடையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

குப்பத்துக்குத் தலைவர் நாட்டார். நல்ல உயரம், மீசையைவிடக் குரல் பெரியது. பஞ்சாயத்தில் அவர் சொன்னதைத் தெருவே திரும்பத் திரும்பச் சொல்லியதால் எனக்கு இப்போதும் மனப்பாடம்.

“எத்தினி வருசமா நம்ம கைலிங்க பச்சயெல்லாம் குடிச்சிகினு இருந்திச்சி இந்தக் கடலு. பட்டற தண்ணியும் அதுலதான் வுழுது. இப்ப வகுறு ரொம்பிப் போச்சி. வெளிய தள்ளுது. பாசி சாயத்த குடிக்குது, மீனு பாசிய துண்ணுது. பாயே சொல்லிகீறாரு, கடலுதான் பச்சய குடிக்குதுன்னு. நா சொல்லல.”

பாய் தன் வாயாலேயே தன்மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் பல வருஷமாக.

மனு போனது. சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையைப் பார்த்தார். “செடின்னா என் இலாகா இல்ல. சாயம்னா பட்டறைக்குப் பூட்டு. ரெண்டுல எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணி வைங்க. ஞாயித்துக்கிழமை வரேன்” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார். அவ்வளவு தெளிவாகப் பொறுப்பைக் கைகழுவிய ஒருவரை நான் பிறகு பார்த்ததில்லை.

அன்று மாலையே பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவை அக்கா என்பார், என்னைப் பாப்பா.

“பாப்பா, ஒன் படிப்புக்கு இப்பத்தான் ஒரு வேல வந்துகீது.”

“இதுக்கு முன்னாடி இல்லியா பாய்?” என்றேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும்.

“கோச்சிக்காத. பூட்டு போட்டா நா மட்டுமில்ல, நூலு புயியற அத்தினி பேரும் தெருவுல நிக்கணும். அது செடிதான்னு நீ சொல்லிட்டா போதும்.”

பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் தலையாட்டினார். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பச்சை என்றால் பச்சை, அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் பச்சையாகக் கும்மியடிப்பவை பெரும்பாலும் சில வகைகள்தான். தட்டையாக, கிழிந்த பட்டுத்துணி மாதிரி இருந்தால் அது உல்வா. கிளையே இல்லாமல் தூண்டில் நரம்பு மாதிரி முரட்டு இழையாக இருந்தால் கீட்டோமார்ஃபா. குழலாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தால் என்டரோமார்ஃபா. கரைக் கல்லிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஓர் இழையை விரல்களுக்கு நடுவில் வைத்து நீவினேன். உள்ளே ஒரு காற்றுக்குமிழி மேலும் கீழும் ஓடியது. எனக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு மைக்ராஸ்கோப் வேண்டும், அது காலேஜில் இருந்தது.

பாசியைக் கடல் தண்ணீரோடு அம்மாவின் தூக்குச் சட்டியில் போட்டு டிராமில் எடுத்துப் போனேன். வளைவில் கொஞ்சம் சிந்தியது. கண்டக்டர் குனிந்து முகர்ந்தார். “இன்னா கொயம்பு இது?” என்றார். கீரைக் குழம்பு என்றேன். “கெட்டுப் போயிகீது, துண்ணாத” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவின் ஷேவிங் பிளேடால், பிளந்த கேரட் துண்டுக்குள் இழையைச் செருகிக் குறுக்காகச் சீவினேன். பலமுறை சொதப்பிய பிறகு ஒரு நல்ல சீவல் கிடைத்தது. லென்ஸுக்கு அடியில் அது ஒரு வளையம். ஒரே வரிசையில் அறைகள், நடுவில் வெறும் ஓட்டை. அறைகளின் சுவர்கள் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன. பச்சை உள்ளேதான் அடைந்து கிடந்தது. சாயம் ஊறியிருந்தால் சுவரிலும் ஏறியிருக்கும். இது பாசியின் சொந்தப் பச்சை. கடலோடு நல்ல தண்ணீரும் கழிவும் கலக்கிற இடமென்றால் என்டரோமார்ஃபாவுக்கு விருந்து மாதிரி என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தார். பெயருக்கு அர்த்தம் ‘குடல் வடிவம்’. இப்போது அந்தப் பெயரையே எடுத்துவிட்டு உல்வாவோடு சேர்த்துவிட்டார்களாம். எனக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

நாட்டாரிடம் மைக்ராஸ்கோப் கதை செல்லாது என்று தெரியும். அவர் கையில் கொடுத்துக் காட்டுகிற மாதிரி ஏதாவது வேண்டும். சாயப்பட்டறையே இல்லாத இடத்தில் இதே பாசி இதே பச்சையில் வளர்ந்தால் போதுமல்லவா? எண்ணூர் முகத்துவாரம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஆற்றுத் தண்ணீரும் கடலும் கலக்கின்றன.

நான் மட்டும் போவதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பாயோடு மட்டும் போவதை ஊர் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மூன்று பேரும் ரயிலேறினோம். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் பாய் பக்கத்தில் உட்கார்ந்த தயிர்க்காரப் பெண்மணிக்கு ஜெர்மன் கப்பல் கதையைத் தொடங்கிவிட்டார். பூட்டு விழப்போகிற நேரத்திலும் காதை மறைக்கத் தவறவில்லை. அம்மா எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முகத்துவாரக்குப்பத்தில் கட்டுமரங்களைக் கட்டுகிற முளைகளில், கரைக் கற்களில், எல்லாம் பச்சை. இழையை நீவினேன். குமிழி ஓடியது. அதே குழல், அதே கிளிப்பச்சை. பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டார். வேடிக்கை பார்த்த ஒரு அம்மாள், “இத்த இன்னாத்துக்கு எத்துனு போறீங்கோ?” என்று கேட்டார்.

“கேஸுக்கு” என்றார் பாய், மிகுந்த கௌரவத்தோடு.

சாக்கைக் கொண்டுவந்து நாட்டார் காலடியில் கொட்டினேன். இது குடல் பாசி, எண்ணூரிலும் இருக்கிறது, அங்கே சாயப்பட்டறை இல்லை, பச்சை அதன் சொந்தப் பச்சை என்று சொன்னேன். நாட்டார் குனிந்து ஒரு பிடியை எடுத்தார். கரைக் கல்லிலிருந்து இன்னொரு பிடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் கீது” என்றார். பாய்க்கு மூச்சு வந்தது. “ஆனா நா ஒண்ணு கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லு. இதோ நா கட்டிகினு கீற கைலி. வாங்கசொல்ல பச்ச. இப்ப நீலம். என் பச்ச எங்க போச்சி?”

பாயைப் பார்த்தேன். பாய் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடலுல போச்சின்னா கடலுல கீது. அத்த பாசி குடிக்குது. எண்ணூரு வரிக்கும் அடிச்சிகினு போயிகீது, அவ்ளோதான்” என்றார் நாட்டார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. தூக்குச் சட்டியைச் சுமந்தது, பிளேடில் விரலை அறுத்துக்கொண்டது, எண்ணூர் வரைக்கும் அலைந்தது எல்லாம் ஒரு கைலியிடம் தோற்றுவிட்டன. “சரி, பாசியோட பச்சய பிரிச்சி எடுத்து வெள்ளத் துணியில ஏத்தறேன். பக்கத்துல பாயோட புதுக் கைலி. ரெண்டும் நாள் முழுக்க வெயில்ல காயட்டும். ஒரே சாயம்னா ஒரே மாதிரி வெளுக்கணும். பாசிப் பச்ச வெயில்ல நிக்காது, ஜெர்மன் பச்ச நிக்கும். அப்ப ரெண்டும் வேறதானே?” என்றேன்.

நாட்டாருக்கு அது பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை, இன்ஸ்பெக்டர் முன்னால் என்று பேசி முடித்தார்கள். பாய் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“நெயல்ல காய வெச்சா ஆவாதா பாப்பா?”

ஆகாது என்றேன், வீராப்பாக.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் ஆரம்பித்தாள்.

“பாய், ரயில்லயே கேக்கணும்னு இருந்தேன். அந்த ஜெர்மன் சாயத்துக்கு பேரு இன்னா?”

பாய் டீ டம்ளரைக் கையிலேயே சுற்றினார். பிறகு சொன்னார். “மஞ்சளு.”

“எந்த மஞ்சளு?”

“கொயம்புல போட்றோமேக்கா. அத்தான்.”

நூலை அவுரி நீலத்தில் முக்கி எடுத்து, அதன் மேல் மஞ்சள் ஏற்றினால் பச்சை. அவ்வளவுதான் ரகசியம். கப்பலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சட்டையில் குழம்புக் கறை பட்டால் சோப்புப் போட்டு மொட்டைமாடியில் காயவைப்பாள். சாயங்காலத்துக்குள் மஞ்சள் ஓடிப்போயிருக்கும். இது எந்த வீட்டில் தெரியாது? கைலியின் மஞ்சளை வெயில் தின்றுவிட, அடியில் இருந்த அவுரி நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கடல் ஒரு பாவமும் செய்யவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இத்த மொதல்லியே சொல்லியிருந்தா எண்ணூருக்கு இன்னாத்துக்கு போனோம்?” என்று கத்தினேன்.

“எண்ணூரு நல்லாத்தான் இருந்திச்சி” என்றார் பாய்.

கத்தி முடித்த பிறகுதான் நிலவரம் முழுதாக உறைத்தது. பாசிப் பச்சை வேறு என்று காட்டிவிட்டாலும் நாட்டாரின் கைலிக் கேள்வி அப்படியே நிற்கும். பாயின் சாயம் நல்ல சாயமென்றால் வெயிலில் பச்சை நிற்கும். அப்படியானால் கைலிகளின் பச்சையைக் குடித்தது கடல்தான் என்று ஆகும், பட்டறைக்குப் பூட்டு. சாயம் மட்டமான சாயமென்றால் எல்லோர் கண் முன்னாலும் நீலமாகும். பட்டறை பிழைக்கும், ஜெர்மன் பாய் ஒழிந்தார். அவர் யோக்கியர் என்று நிரூபிக்க அவரை ஏமாற்றுக்காரர் என்று நிரூபிக்க வேண்டும். இப்படி ஒரு பரீட்சையை நான்தான் கோபத்தில் ஏற்பாடு செய்திருந்தேன்.

“உண்மைய சொல்லிடுங்களேன் பாய்” என்றாள் அம்மா. இப்போது அவளும் சிரிக்கவில்லை.

“வண்ணாரப்பேட்ட கடைக்காரன் ஒர்த்தன் வாங்குவானாக்கா, மஞ்சளுன்னு தெரிஞ்சா? அத வுடு. எங்க வாப்பா சொன்ன கத அது. மீச மொளைக்கிற வரிக்கும் நானே நம்பிகினு இருந்தேன். அப்பால ஒரு நாளு அவரே கூப்ட்டு, மஞ்சளு மூட்டய காட்டி, இதான்டா ஜெர்மனின்னாரு. நா அன்னிக்கி ஃபுல்லா சோறு துண்ணல.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. முன்பின் தெரியாத யாராவது அந்தக் கதையை ரயிலில் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து கரைக்குப் போனபோது குப்பமே திரண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டூலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பாய் வரவில்லை. “ஓடிட்டாரு” என்று யாரோ சொல்ல, நான் அதைக் கேட்காதவள் போலப் பாசியை அலசிக்கொண்டிருந்தேன்.

பாசியின் பச்சை தண்ணீரில் இறங்காது, ஸ்பிரிட்டில்தான் இறங்கும். காலேஜ் ஸ்பிரிட் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. “ஸ்பிரிட் வேணுமே” என்றேன். அது மதுவிலக்குக் காலம். எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். நாட்டார் தொண்டையைச் செருமினார். நான் திரும்பிப் பாசியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது, வாழை மட்டையில் சுற்றிய ஒரு பாட்டில் அம்மாவின் கூடைப் பக்கத்தில் இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. வெந்நீர்ப் பானைக்குள் செம்பை வைத்து, பிழிந்த பாசியைப் போட்டு, அதன்மேல் பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன். வாசனை கிளம்பியது.

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சுருக்கினார். “பாசி நாத்தம் சார்” என்றார் நாட்டார்.

“நல்ல பாசி” என்றார் இன்ஸ்பெக்டர், குடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு.

செம்புக்குள் மரகதப் பச்சை இறங்கிவிட்டது. வெள்ளைத் துணியை முக்கி எடுத்தேன். கூட்டத்தில் ஒரு முனகல். அச்சு அசலாக ஜெர்மன் பச்சை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அப்போதுதான் பாய் வந்தார். குளித்து, தலை வாரி, சலவைச் சட்டை போட்டு, தோளில் மடிப்புக் கலையாத புதுக் கைலியோடு வந்தார். மணலில் தானே அதை விரித்தார். பாதியை அடியில் மடித்து, காற்றில் பறக்காமல் கற்களை வைத்தேன். மடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். “போடு பாப்பா” என்றார்.

பங்குனி வெயில். பாசித் துணிதான் முதலில் வெளுத்தது. பச்சை மங்கி, சாம்பலாகி, பழைய வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. பாயின் கைலி அப்படியே இருந்தது. “பாத்தியா, நிக்குது” என்று நாட்டார் உற்சாகமானார்; நின்றால் கடல்தானே குடித்திருக்க வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறியது. சிலர் சாப்பிடப் போய்விட்டு வந்தார்கள். அப்படிப் போய்விட்டு வந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. “இன்னாடா இது, வேற மாரி கீது” என்றார் ஒருவர். கிளிப்பச்சை மயில் கழுத்தாகியிருந்தது. வெயில் சாயும்போது அது நீலம். அங்கங்கே கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தாலும் நீலம்தான்.

நான் கற்களை எடுத்து, அடியில் மடித்த பாதியை விரித்தேன். புத்தம்புதிய பச்சை. ஒரே கைலி, ஒரு பாதி பச்சை, ஒரு பாதி நீலம். கடல் தண்ணீர் ஒரு சொட்டுகூட அதன் மேல் படவில்லை என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

பாய் முன்னால் வந்தார்.

“மஞ்சளு” என்றார். “கீய அவுரி, மேல மஞ்சளு. வெயிலு துண்ணுடும். கடலு குடிக்கலபா. நாந்தான் டபாய்ச்சிகினு இருந்தேன்.”

நாட்டார் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்த கைலி முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொஞ்சம் வெளியே இழுத்தார். தினமும் மார்பளவு தண்ணீரில் இறங்குகிறவர். கடலில் ஊறாத இடம் அந்தக் கைலியில் கிடையாது. வெயில் படாத இடம்தான் உண்டு, அந்தச் சுருட்டலுக்குள். அங்கே நான்கு விரல் அகலத்துக்குக் கிளிப்பச்சை, வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி.

பின்னால் நின்றவர்களும் குனிந்து தங்கள் இடுப்பை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“அப்ப செடி இங்க மட்டும் இவ்ளோ ஏன் வளருது?” என்று என்னைக் கேட்டார்.

சாக்கடையால்தான் என்றேன். அதில் பட்டறைத் தண்ணீர் கொஞ்சம். மிச்சம் மீன் கழுவுகிற தண்ணீர், மாட்டுக்கொட்டகைத் தண்ணீர், தெருவில் இருக்கிற எல்லா வீட்டுத் தண்ணீரும், எங்கள் வீடு உட்பட. அந்தக் கழிவுதான் குடல் பாசிக்குச் சாப்பாடு. இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வேறு பக்கம் திரும்பின. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

“செடி என் இலாகா இல்ல” என்றார் இன்ஸ்பெக்டர். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பூட்டும் அவரோடேயே போனது.

பாசியும் தானாகப் போய்விட்டது, நீரோட்டம் மாறியதும். பிறகு பல வருஷம் வந்து வந்து போனது. சாக்கடையை யாரும் ஒன்றும் செய்யவில்லை. பாய்க்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மலிவாக முடியவில்லை. வண்ணாரப்பேட்டைக் கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின. பிள்ளைகள் தெருவில் ‘மஞ்சள் பாய்’ என்று கூப்பிட்டார்கள். அவர் கடைவீதிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். வழியில் பார்த்தால் சலாம் வைப்பார், நின்று பேச மாட்டார். எனக்கு அது வலித்தது. அவர் பட்டறையைத்தான் காப்பாற்றினேனா, அல்லது அவரையே உடைத்துவிட்டேனா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

காலேஜ் பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாள் பட்டறை வழியாக வந்தேன். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன, ஆட்கள் நூல் பிழிந்துகொண்டிருந்தார்கள். வாசலில் பொன்னேரிப் பக்கத்து வியாபாரி ஒருவர். அவர் முன்னால் இரண்டு நிறக் கைலியை, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கைலியையே, கொடி மாதிரி தொங்கவிட்டுப் பாய் பேசிக்கொண்டிருந்தார். கை தானாகக் காதுக்குப் போயிருந்தது.

“காலையில கட்னா பச்ச, போவப் போவ நீலம். ஒரு கைலி துட்டுக்கு ரெண்டு கைலி. ஜெர்மன்காரன் மூளய பாத்தியா நைனா. வெயில குடிச்சே கலரு மாத்திக்கும். இத்த காலேஜில வெச்சி டெஸ்ட்டு பண்ணிகீறாங்க. தோ, அந்தப் பாப்பாதான் பண்ணிச்சி. வேணும்னா கேட்டுப் பாரு.”

வியாபாரி திரும்பி என்னைப் பார்த்தார். “மெய்யாலுமாம்மா?”

பாயைப் பார்த்தேன். அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை, பழைய திமிர் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“மெய்தான். என் கண்ணால பாத்தேன்” என்றேன்.